சிலம்பு பிந்தியது ஏன்?

மதுரை மூதூரின் அரசவையிலே தலைவிரி கோலமாய் நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணைத் தமிழகம் மறக்கவில்லை. நாடக மேடையிலே அந்தக் காட்சி வந்தால் கைதட்டல் எழுகிறது. 1942-இல் 'கண்ணகி' படமாக வந்தது. 1964-இல் 'பூம்புகார்' வந்தது. பட்டிமன்றங்களிலே ஆண்டுதோறும் அந்த வழக்கு மறுபடி மறுபடி விசாரிக்கப்படுகிறது. கேட்டு முடித்ததும் நாம் என்ன சொல்லிக்கொண்டு எழுந்து போகிறோம்? "நீதி வென்றது!" என்கிறோம். "அரசனேயானாலும் பிழைத்தால் அறமே கூற்றாகும் என்பது மெய்யாயிற்று!" என்று மகிழ்கிறோம்.

வென்றதா, தோழர்களே? கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். கண்ணகி கைம்பெண் ஆனாள். கட்டிலிலே மன்னன் பிணம். பக்கத்திலே கோப்பெருந்தேவியின் பிணம். வெளியே எரிகிற நகரம். வென்றது நீதி எனின், தோற்றது எது? இலக்கியச் சுவையிலே மயங்கி இந்தக் கேள்வியை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம். இளங்கோவின் காப்பியத்தை இன்று ஒரு குற்றவியல் வழக்குக் கட்டாக எடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதைப் படிக்கத் தகுந்த இடமும் நம்முடைய இடந்தான். மதுரைக்கும் கொற்கைப் பகுதிக்கும் இடையிலே, மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையின்மீது இருக்கிறது பந்தல்குடி. பாண்டியனின் தலைநகர் ஒருபுறம். அவனுக்கு முத்துத் தந்த துறை மறுபுறம். காப்பியத்தின் இரு முனைகளுக்கும் நடுவே, கரிசற்காட்டில் நாம் வாழ்கிறோம்.

வழக்குக் கட்டைப் பிரிப்போம். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். விற்கக் கொண்டுவந்த ஒற்றைச் சிலம்போடு ஓர் அயலூரான் தன்னிடம் அகப்பட்டதும், தன் களவை அவன் தலையிலே ஏற்றிவிடத் துணிகிறான். அரசனிடம் ஓடுகிறான். அரசனோ, ஊடிப் போன தேவியின் உள்ளத்தை ஆற்ற அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருக்கிறான். நடந்துகொண்டே காதிலே வாங்குகிறான். நடந்துகொண்டே கட்டளையும் இடுகிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று, சிலம்பைக் கொண்டுவருக என்பது கட்டளை!

குற்றம் சாட்டியவன் யார், அவனுக்கு இதிலே என்ன ஆதாயம் என்று கேட்கப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் அழைக்கப்படவில்லை. அவன் கையிலிருக்கும் பொருள் அரசியின் பொருள்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை. அரசி, "இது என்னுடையது" என்று அடையாளம் காட்டவில்லை. எந்த வழக்கிலும் முதலிலே நிகழ வேண்டிய நான்கு காரியங்களுள் ஒன்றுகூட நிகழவில்லை. கடைசியிலே நிகழ வேண்டியது மட்டும் முதலிலே நிகழ்ந்தது.

இளங்கோ இங்கே இன்னும் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். நம் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. வெட்டப் போன காவலர்கள் உடனே வெட்டவில்லை. தோற்றத்தைப் பார்த்தால் இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்று அவர்களே தயங்குகிறார்கள். மனச்சான்று பேசுகிறது! அதை அடக்குவது எது? பொற்கொல்லன் கூறும் கள்வர் கதை. கள்வர்க்கு மந்திரம் உண்டு, மருந்து உண்டு, தந்திரம் உண்டு, விட்டால் தப்பிவிடுவர் என்று அவன் அடுக்குகிறான். தயக்கம் கலைகிறது, குடிவெறியிலிருந்த கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஒரு மனிதனைக் கொல்லுமுன் அவனை மனிதன் அல்லன் என்று ஆக்கிவிட வேண்டும்; அதற்குக் கதை வேண்டும். "பயங்கரமானவன், பழைய கேடி, விட்டால் ஓடிவிடுவான்" என்ற கதை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மனித உரிமை மீறல் என்னும் தொடருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. பொற்கொல்லன் செய்தது களவு, பொய், அது குற்றம். அதைத் தண்டிக்க அரசு இருக்கிறது. ஆனால் தண்டிக்க வேண்டிய அரசே விசாரணையின்றி உயிரைப் பறித்தால், அதற்குக் குற்றம் என்ற பெயர் போதாது. காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட கை, அந்தப் பொறுப்பினாலேயே பெற்ற வலிமையைக் கொண்டு தாக்குகிறது. முறையிட வேண்டிய வாயிலிலேயே தாக்கியவன் நிற்கிறான். அதுதான் உரிமை மீறல். 1948 டிசம்பர் 10-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனம், சித்திரவதைக்கு எவரும் ஆளாகலாகாது என்று 5-ஆம் கூறிலும், காரணமின்றி எவரையும் கைது செய்யலாகாது என்று 9-ஆம் கூறிலும் சொன்னது இந்தக் கையைக் கட்டுப்படுத்துவதற்கே.

"இருப்பினும், பிழையை உணர்ந்தவுடன் உயிர்விட்டானே பாண்டியன்! அவனல்லவோ அரசன்!" என்று வியப்பவர் உளர். வியக்கட்டும், குறைகூறவில்லை. பிழை தெரிந்தபின்னும் நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் காலத்திலே, அந்த நாணம் அரிய பொருளே. ஆனால் ஒன்று கேட்போம். மன்னனின் நாணத்தை நம்பியா மக்களின் உயிர் இருப்பது? நாணமில்லாத மன்னன் வந்தால் கதி என்ன? ஆள்வோனின் நற்குணத்தின்மீது கட்டப்பட்ட பாதுகாப்பு மணல்மீது கட்டிய சுவர். அவன் இறந்ததால் கோவலன் எழுந்து வரவில்லை. பிழை செய்தபின் வருந்தும் அரசைவிட, பிழை செய்ய முடியாதபடி கட்டப்பட்ட அரசே மேலானது.

அடுத்து, இந்தக் காப்பியத்தின் மிகப் பலவீனமான இடம். மதுரைத் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றிச் சமாதானம் சொல்லுகிறது. என்ன சமாதானம்? முற்பிறப்பிலே கோவலன் பரதன் என்பவனாய்ப் பிறந்தான். குற்றமற்ற ஒரு வணிகனை ஒற்றன் என்று பிடித்துக் கொல்வித்தான். அந்த வினையே இப்போது வந்து உருத்தது! அப்படியானால் பொற்கொல்லனும் குற்றவாளி அல்லன், அரசனும் அல்லன், வாளோங்கியவனும் அல்லன். செத்தவனே குற்றவாளி! பெரியார் இக்காப்பியத்தைக் கடுமையாகச் சாடியதற்கு இந்த ஊழ்வினைக் கோட்பாடும் ஒரு காரணம். காவியத்தின் அழகைப் போற்றுகிறவர்களும் இந்த இடத்திலே அவருடைய கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ஊழ் என்பது கொலையாளிக்குக் கிடைத்த ஜாமீன்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சினந்த கண்ணகி நெருப்புக்கு இடும் ஆணையிலே பார்ப்பனர் முதலிடம் பெற்று விலக்குப் பெறுகின்றனர். அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் எனப் பட்டியல் தொடர்கிறது. தீயவரை மட்டுமே தீண்டும் தீ உலகிலே உண்டா? கூரை பற்றினால் குடிசை பார்த்தா எரியும்?

இதனினும் கொடிது பின்னர் நடக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய, ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று காப்பியத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் திருடினான், ஆயிரவர் தலை உருண்டது! அவர்கள் செய்த பிழை, அந்தத் தொழிலிலே பிறந்தது. விசாரணையின்றிக் கொல்லப்பட்ட ஒருவனுக்காக, விசாரணையின்றி ஆயிரவரைக் கொல்வதா அறம்? நம் மேடைகளிலே இந்த ஆயிரவருக்காக ஒரு துளிக் கண்ணீர் விழுந்ததுண்டா?

பழங்கதைதானே என்று தள்ளிவிட முடியாது. பிறப்பையே குற்றமாக்கும் சட்டம் ஒன்று இந்த மண்ணின்மீதே நடந்தது. 1871-இல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பதிவேட்டில் ஏறியவன் விரல் ரேகை தர வேண்டும். ஊர் விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரவிலே காவலர்முன் தலைகாட்ட வேண்டும். கள்ளர், மறவர், குறவர் எனப் பல குலத்தார் இவ்வலையிலே சிக்கினர். பழைய இராமநாதபுரம் மாவட்டமும் தப்பவில்லை. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. பதினாறு உயிர்கள் போயின. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கியது. செழியன் ஒரே நாளில் செய்ததை இந்தச் சட்டம் தாளிலே எழுதி, முத்திரையிட்டு, தலைமுறை தலைமுறையாகச் செய்தது.

"அதெல்லாம் சரி, அடிக்காமல் கேட்டால் திருடன் உண்மை சொல்வானா?" இக்கேள்வியைத் தேநீர்க் கடையிலே கேட்கிறோம், படித்தவர் வாயிலும் கேட்கிறோம். இதற்கு வரலாறே விடை கூறும். வரி வாங்குவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் சென்னை மாகாணமெங்கும் சித்திரவதை நடப்பதாகக் குற்றச்சாட்டு எழவே, 1854-இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1855-இல் அறிக்கை வந்தது. குழுவுக்கு வந்த முறையீடுகள் 1,959. விரல்களை மரக்கட்டையிடையே வைத்து நெருக்கும் 'கிட்டி'யும், உடலை வளைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் 'அண்ணாந்தாளும்' அந்த ஆங்கில அறிக்கையிலே இடம்பெற்றன. நம் மொழி அந்த அறிக்கைக்கு அளித்த கொடை அது! 1857-இல் கார்ல் மார்க்ஸ் ஓர் அமெரிக்க நாளேட்டிலே அதை எடுத்து எழுதி, ஆங்கில ஆட்சியின் முகத்திரையைக் கிழித்தார்.

அடித்து வாங்கும் வாக்குமூலம் உண்மையைத் தராது என்பதை வெள்ளை அரசே பின்னர்ச் சட்டத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அது 23-ஆம் பிரிவாக நிற்கிறது. தடியால் கிடைப்பவன் வலி தாங்காதவன், திருடன் அல்லன். வலி தாங்காதவன் ஒப்புக்கொண்ட அந்தக் கணத்திலேயே, உண்மைத் திருடனைத் தேடும் வேலை நின்றுபோகிறது. கோவலன் விழுந்த அன்று மதுரையிலே மிக நிம்மதியாக உறங்கியிருக்க வேண்டியவன் பொற்கொல்லனே. ஆகவே, அடியை ஆதரிப்பவர் சட்டம் ஒழுங்கை ஆதரிப்பவர் அல்லர். அறியாமலே பொற்கொல்லனை ஆதரிப்பவர்.

இந்த நூற்றாண்டுக்கு வருவோம். 2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் செல்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். மறுநாள் நீதிமன்றக் காவலுக்கு உத்தரவு. பின் கோவில்பட்டிக் கிளைச்சிறை. 22-ஆம் நாள் இரவு மகனும் 23-ஆம் நாள் காலை தந்தையும் மாண்டனர். அடுத்து, 2025 ஜூன் 28. சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம். கோவிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்த நகையைக் காணோம் என்று முறையீடு, கோவிற் காவலராயிருந்த இளைஞர் ஒருவரைத் தனிப்படை விசாரித்தது, அவர் பிணமானார். உடற்கூற்று அறிக்கையிலே 44 காயங்கள் என்று கண்டு உயர்நீதிமன்றம் அதிர்ந்தது. நகை, களவுப்பழி, விசாரணைக்கு முன்னரே தண்டனை! மதுரைக்கு மிக அருகிலே, கோவலன் கதை மறுபடி நடந்தது. இம்முறை ஊழ்வினை என்று சொல்ல மதுரைத் தெய்வம் வரவில்லை; மாறாக, மதுரை உயர்நீதிமன்றக் கிளை கேள்வி கேட்டது.

அந்தக் கேள்விக்கு வலிமை தந்தது எது? சாத்தான்குளத்திலே, காவல் நிலையக் காமிராப் பதிவுகள் நாள்தோறும் அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவரின் விசாரணை வெளிப்படுத்தியது. காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த நிலையத்திலேயே பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், கண்டதைக் கண்டபடி சொன்னார். இளங்கோவின் காவலர்கள் தயங்கினார்கள், தயங்கியதோடு நின்றார்கள். இந்தப் பெண் தயக்கத்தைச் சாட்சியமாக மாற்றினார். மடப்புரத்திலே, மறைந்து நின்று ஒருவர் செல்பேசியிலே எடுத்த படம் நீதிமன்றத்தின் முன் சென்றது. அவையிலே உடைபட்ட சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரல் எதுவோ, அதுவே இந்தச் சொல்லும் இந்தப் படமும்.

இங்கேதான் கண்ணகியை நாம் புதிதாகப் படிக்க வேண்டும். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையிலே நிறுவிய சிலையைப் பாருங்கள். அவள் உயர்த்திய கையிலே தீப்பந்தம் இல்லை, சிலம்பு இருக்கிறது. சிற்பிக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாவா? அரசனை வீழ்த்தியது அவள் கற்பும் அல்ல, கண்ணீரும் அல்ல, கனலும் அல்ல. "என் சிலம்பின் பரல் மாணிக்கம்" என்றாள், "எம்முடையது முத்து" என்றான் அரசன், உடைத்துக் காட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க சான்று! அவளுடைய வெற்றி சான்றின் வெற்றி. அவளுடைய துயரம், அந்தச் சான்று வாளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. சிலம்பு பிந்தியது, ஏனெனில் அதை முன்னரே கேட்கும் முறை பாண்டிய நாட்டிலே இல்லை.

நமக்கு அந்த முறை இருக்கிறது, எழுத்திலே இருக்கிறது. அதுவும் ஒரு கடிதத்தால் வந்தது. காவற் சாவுகளைப் பற்றிய நாளேட்டுச் செய்திகளைச் சுட்டி, மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் டி.கே. பாசு 1986-இல் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பர் 18-இல் பதினொரு நெறிமுறைகளாக விளைந்தது. அவற்றின் சாரத்தைப் பந்தல்குடியிலே சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலே உழைப்பவரும், அருப்புக்கோட்டைத் தறிக்காரரும், திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயியும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

கைது செய்பவர் பெயரும் பதவியும் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊராரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். எந்தக் குற்றத்துக்காக என்று சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவரையும், 60 வயதைக் கடந்தவரையும் சாட்சி விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரக் கட்டாயப்படுத்தலாகாது. அவர்கள் வீட்டிலேயே கேட்க வேண்டும். வழிப்பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். நடுவர் முன்னால் நிற்கும் அந்தச் சில நிமிடமே பொன்னானது: காயம் இருந்தால் சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டும், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையா? இலவச சட்ட உதவி கேட்பது பிச்சை அன்று, உரிமை. 15100 என்ற எண்ணிலே சட்டப்பணிகள் ஆணைக் குழுவை அழைக்கலாம். ஆளையே காணோம் என்றால், 2004 முதல் மதுரையிலேயே இயங்கும் உயர்நீதிமன்றக் கிளையிலே ஆட்கொணர்வு மனு இருக்கிறது. 1997-இல் அமைந்த மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். ஆனால் நிகழ்ச்சி நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். காவல் நிலையங்களில் காமிரா இருக்க வேண்டும், பதிவுகளைப் பல மாதங்கள் காத்து வைக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம் இட்ட ஆணை. அந்தப் பதிவைக் கேட்டு உடனே எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும்.

இத்தனை இருந்தும் சாத்தான்குளம் நடந்தது, மடப்புரம் நடந்தது. ஆகவே சட்டம் போதும் என்று சொல்ல வரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையிலே இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. ஆனால் அதை இறுதியாக ஏற்று உறுதி செய்யாமலே ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. அதற்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதைக் கேட்டுப் பெறுவது அரசியல் வேலை. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏட்டிலுள்ள விதி தானாக நடந்துவிடாது. கேட்கிறவன் வாசலிலே நின்றால்தான் நடக்கும். ஒருவனை வண்டியிலே ஏற்றும்போது ஊரார் நாலு பேர் கூடி, "ஐயா, எந்த வழக்கு? எந்த நிலையம்? கைதுக் குறிப்பு எங்கே?" என்று பணிவாக, ஆனால் உறுதியாகக் கேட்டாலே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பது கலகம் அன்று. நேர்மையான காவலருக்கு அது இடைஞ்சலும் அன்று.

இன்னும் ஒன்று. பிடிபட்டவன் நம் சாதிக்காரனா என்று பார்த்துக் கூடுகிற கூட்டம், செழியனின் கூட்டம். அடுத்த தெருக்காரன் அடிபடும்போது "அவன் அப்படித்தான்" என்கிறவன், பொற்கொல்லனின் கதைக்குத் தலையசைக்கும் காவலன். வேண்டியவனுக்கு மட்டும் உரிமை கேட்டால் அதற்குச் சலுகை என்றுதான் பெயர். நம் கட்சியின் எதிரிக்கும், நமக்குப் பிடிக்காத குலத்தானுக்கும், மெய்யாகவே திருடியவனுக்கும்கூட விசாரணை உண்டு என்று சொல்லுகிறவனே மனித உரிமையைப் புரிந்துகொண்டவன். திருடனுக்குத் தண்டனை உண்டு. அதை நீதிமன்றம் தரும்.

பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து இளைஞர்களே! படிப்பகத்திலே சிலப்பதிகாரம் வாசியுங்கள். வழக்குரை காதைக்குக் கைதட்டுங்கள். அத்துடன் அந்தப் பதினொரு நெறிமுறைகளையும் பெரிய எழுத்திலே எழுதிப் படிப்பகச் சுவரிலே ஒட்டுங்கள். எழுத்தறியாத முதியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மதுரையை எரித்த பெண்ணைப் பாடியது போதும். அவள் கையிலிருந்த சான்றைக் காலத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊராக நம் ஊர் இருக்கட்டும். வாள் உறையிலிருக்கும்போதே சிலம்பு பேச வேண்டும்!